'சாக்கிட் துவா' என்று எழுதியதும் சிகரெட் தப்பித்துவிடுகிறது

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்தை ஒட்டிய ஊர்களில் எந்த மளிகைக் கடையில் நுழைந்தாலும், பெட்ரோல் நிலையத்தில் நுழைந்தாலும், கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் சிகரெட் அலமாரி இப்போது மூடியிருக்க வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் புகைப் பொருள்களை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அடுக்கி வைக்கக் கூடாது என்பது சட்டம். கடைக்காரருக்கு எரிச்சல். வாங்க வருபவருக்கோ குழப்பம். "விற்கலாம், ஆனா காட்டக் கூடாதாம், இது என்ன கணக்கு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கடையை விட்டுவிட்டுச் சாவு வீட்டிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் சிகரெட்டைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த பெரிய உண்மைகளில் பல இறப்புப் பதிவேடுகளைப் புரட்டித்தான் தெரியவந்தன.

சட்டம், சுருக்கமாக

1. மலேசியாவில் புகையிலையைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டம் ரொம்ப நாளாகக் கிடையாது. 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் 1993இலும் 2004இலும் போட்ட விதிமுறைகளை வைத்துத்தான் ஓட்டினார்கள். சிகரெட்டை உணவுச் சட்டத்தில் வைத்திருந்தது என்ன பொருத்தமோ.

2. உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் மலேசியா 2003இல் கையெழுத்திட்டு 2005இல் உறுதி செய்தது. விளம்பரம், ஊக்குவிப்பு, ஆதரவளிப்பு மூன்றையும் முழுமையாக நிறுத்த வேண்டும் என்று அதன் 13ஆவது பிரிவு சொல்கிறது.

3. புகைப் பொருள்களுக்கென்றே வந்த தனிச் சட்டமான 852ஆவது சட்டம் 2024 அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்தது. சிகரெட்டோடு வேப் என்ற மின்-சிகரெட்டும் இதில் அடங்கும். கண்ணில் படும்படி வைக்கக் கூடாது என்ற பகுதிக்கு மட்டும் ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள், அதுதான் ஏப்ரலில் முடிந்தது. குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு ஆயுசு முழுக்க விற்கக் கூடாது என்று முதலில் ஒரு பிரிவு இருந்தது. நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறிய 2023 நவம்பருக்குள் அதை எடுத்துவிட்டார்கள்.

வீட்டில் ஒருவர் இறந்தால் தாளில் என்ன ஏறுகிறது

மருத்துவமனையில் இறந்தால் காரணத்தை மருத்துவர் எழுதுவார். உலக சுகாதார நிறுவனம் வகுத்த அமைப்பில் அதற்கு இரண்டு பகுதிகள் உண்டு. முதல் பகுதியில் நேரடிக் காரணம், அதை உண்டாக்கியது எது, அதற்கும் அடியில் இருந்தது எது என்று ஒரு சங்கிலி. இரண்டாம் பகுதியில் சாவுக்குத் துணைபோன மற்றவை. புள்ளிவிவரத்தில் ஏறுவது பெரும்பாலும் சங்கிலியின் அடியில் இருக்கும் காரணம். 'அடிப்படைக் காரணம்' என்று அதைச் சொல்வார்கள்.

வீட்டில் இறந்தால் கதை வேறு. வீட்டார் இறந்தவரின் அடையாள அட்டையை, அதாவது ஐ.சி.யை எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையம் போகிறார்கள், அடக்கம் செய்யப் பெர்மிட் வாங்குகிறார்கள், பிறகு தேசியப் பதிவுத் துறையில் பதிவு. இதில் மருத்துவர் வராத இடங்களில், வீட்டார் சொல்வதைக் கேட்டுத்தான் காரணத்தை எழுதுகிறார்கள். வெளியே பந்தல் போட்டாகிவிட்டது, பறை மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள், சிங்கப்பூரிலிருந்து மகன் வந்துகொண்டிருக்கிறான், அந்த நேரத்தில் 'என்ன நோய்?' என்று கேட்டால் யார் விவரமாகச் சொல்வார்கள்? "வயசாயிருச்சுங்க" என்பார்கள். தாளில் மலாயில் 'சாக்கிட் துவா' என்று ஏறும், அதாவது முதுமை.

இது எத்தனை பேருக்கு நடக்கிறது? 2020இல் மலேசியாவில் 166,507 பேர் இறந்தார்கள். அவர்களில் மருத்துவர் சான்றளித்த மரணங்கள் 109,155. மீதி 57,352, ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அதே ஆண்டுக் கணக்கில் 'மாரடைப்பு வகை இதய நோய்தான் முதல் காரணம், 17 விழுக்காடு' என்று செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். அந்த 17 விழுக்காடு 109,155 பேரில் மட்டும் எடுத்தது. வீட்டில் போன மூன்றில் ஒரு பங்கு அந்தக் கணக்குக்குள் வரவேயில்லை.

நோய்களுக்கு எண் கொடுக்கும் அனைத்துலகப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் முதுமைக்கு ஆர்54 என்று ஓர் எண் உண்டு. ஆய்வாளர்கள் இந்த மாதிரி எண்களைக் 'குப்பை எண்கள்' என்பார்கள். மரியாதைக் குறைவாகத் தெரியும், ஆனால் அவர்கள் குறை சொல்வது இறந்தவரையல்ல, தாளை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு எந்த நோயைத் தடுப்பது, எந்த மருந்தை வாங்கி வைப்பது என்று எதையும் முடிவு செய்ய முடியாது.

ஒரு கற்பனை மனிதரை வைத்துப் பார்ப்போம். 68 வயது, பால்மரம் வெட்டியவர், பிறகு செம்பனைக்கு மாறியவர், நாற்பது வருடம் புகை பிடித்தவர், கடைசி பத்து வருடம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியவர், சளிக் காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து போய்விட்டார். அவர் மருத்துவமனையில் இறந்து, எழுதும் மருத்துவரும் கவனமானவர் என்றால் 'நிமோனியா, அதற்குக் காரணம் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்' என்று ஏறும், இரண்டாம் பகுதியில் புகைப்பழக்கமும் ஏறலாம். அவசரமான மருத்துவர் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதுவார். சாகிற எல்லாருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும், அதனால் அது காரணமே ஆகாது. வீட்டில் இறந்தால் சாக்கிட் துவா. ஆள் ஒருவர்தான், தாள் மூன்று விதம்.

தாள்களிலிருந்து சிகரெட்டைப் பிடித்தது எப்படி

1951இல் இங்கிலாந்தில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்ட் ஹில் இருவரும் நாட்டிலுள்ள மருத்துவர்களுக்கெல்லாம் 'நீங்கள் புகை பிடிப்பவரா, எவ்வளவு?' என்று ஒரு சின்னக் கேள்வித்தாள் அனுப்பினார்கள். ஏன் மருத்துவர்கள்? பதிவேட்டில் பெயர் இருக்கும், இறந்தால் தெரிந்துவிடும், இறப்புப் பத்திரமும் ஒழுங்காக இருக்கும். 34,439 ஆண் மருத்துவர்களைப் பின்தொடர்ந்தார்கள். அதாவது உட்கார்ந்து, யாருடைய இறப்புப் பத்திரம் வருகிறது என்று பார்த்தார்கள். 1954இலேயே நுரையீரல் புற்றுநோய் விவகாரம் தெரிந்துவிட்டது. ஐம்பது வருடக் கணக்கு 2004இல் வந்தபோது, விடாமல் பிடித்தவர்கள் பிடிக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னாலேயே இறந்தார்கள் என்று தெரிந்தது. 40 வயதில் விட்டவர்களுக்கு அதில் 9 வருடம் திரும்பக் கிடைத்தது, 50இல் விட்டவர்களுக்கு 6, 60இல் விட்டவர்களுக்கு 3.

"எங்க தாத்தா 90 வயசு வரைக்கும் சுருட்டு பிடிச்சாரு, ஒண்ணும் ஆகல" என்பதற்கு இந்த ஆய்வில் தனியாகப் பதில் தேட வேண்டியதில்லை. 90 வரை இருந்தவரைத்தான் ஊருக்கே தெரியும். அவரோடு சேர்ந்து பிடித்து 55இல் போனவர்களை யார் உதாரணமாகச் சொல்கிறார்கள்? பதிவேடு மட்டும்தான் இரண்டு பேரையும் ஒரே தராசில் வைக்கும்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று இருக்கிறது. வெந்தன் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து தமிழ்நாட்டில் சென்னையிலும் விழுப்புரம் பகுதிக் கிராமங்களிலும் இறந்த சுமார் 43,000 ஆண்களின் வீடுகளைத் தேடிப்போய் விசாரித்து, உயிரோடு இருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு, 2003இல் வெளியிட்டார்கள். அங்கும் பத்திரத்தில் காரணம் ஒழுங்காக இருக்காது. அதனால் பயிற்சி பெற்றவர்கள் வீட்டுக்கே போய் 'இருமல் எத்தனை நாள், ரத்தம் வந்ததா, உடம்பு இளைத்ததா, பீடி பிடிப்பாரா' என்று கேட்டுக் காரணத்தைக் கணித்தார்கள். வாய்மொழி மரண விசாரணை என்பது இதுதான். புகை பிடித்தவர்கள் காசநோயில் இறப்பது மற்றவர்களைவிட நாலு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. இங்கிலாந்து மருத்துவர்களை வைத்து மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது, அங்கே புகையென்றால் நுரையீரல் புற்றுநோய், இதயநோய் என்றுதான் பேச்சு. நம் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த பழைய ஆற்காடு ஜில்லா மண்ணில், விழுப்புரம் பக்கத்தில், கணக்கு வேறு மாதிரி இருந்தது. உள்ளூர்ப் பதிவு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பெருக்கல் எங்கே உடைகிறது

ஒவ்வொரு சாவாக எண்ண முடியாதபோது ஒரு நாட்டில் சிகரெட்டால் எத்தனை சாவு என்று எப்படிச் சொல்கிறார்கள்? கூட்டல் பெருக்கல்தான். 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய ஆண்களில் 40.5 விழுக்காட்டினர் புகைப்பவர்கள், பெண்களில் 1.2. சுலபத்துக்காக 100 ஆண்களில் 40 பேர் என்று வைத்துக்கொள்வோம்.

1. ஒரு நோயில் சாகும் அபாயம் புகைப்பவருக்கு இரண்டு மடங்கு என்றால், பிடிக்காத 60 பேருக்குத் தலைக்கு ஒன்றாக 60 புள்ளி, பிடிக்கும் 40 பேருக்குத் தலைக்கு இரண்டாக 80 புள்ளி, மொத்தம் 140. யாருமே பிடிக்கவில்லை என்றால் 100தான் இருந்திருக்கும். அதிகப்படியான 40, 140இல் ஏறக்குறைய 29 விழுக்காடு.

2. இன்னொரு நோயில் பத்து மடங்கு என்றால் 60உம் 400உம் சேர்ந்து 460. அதிகப்படி 360, அதாவது 78 விழுக்காடு.

3. அந்தந்த நோயில் செத்தவர்கள் எண்ணிக்கையை இந்த விழுக்காட்டால் பெருக்கிக் கூட்டினால் 'புகையால் இறந்தவர்கள்' வரும். ஆண்டுக்கு 20,000க்கு மேல் என்று அரசாங்கத் தரப்பில் சொல்லும் எண்ணும் இப்படிப்பட்ட ஒரு மதிப்பீடுதான், யாரும் ஒவ்வொரு தாளாக எண்ணிச் சொன்னதல்ல.

சரி, சாக்கிட் துவாவுக்கு எத்தனை மடங்கு? அதற்கு ஒன்றும் கிடையாது. முதுமையைப் புகை எத்தனை மடங்காக்கும் என்று பெருக்க எண்ணே இல்லை. அதனால் பெருக்கல் அங்கேயே நின்றுவிடும், அந்தச் சாவு சிகரெட்டின் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழன்றுவிடும். மருத்துவமனைக்குத் தூரம், வண்டி இல்லை, 'கடைசி நேரம் வீட்டுலயே போகட்டும்' என்ற எண்ணம், இதெல்லாம் எங்கே அதிகமோ அங்கே கணக்கும் அதிகமாகக் குறையும். தோட்டப் பக்கம் சிகரெட் அவ்வளவாக ஆளைக் கொல்வதில்லை என்பது போலத் தாள் காட்டும். (தாளைப் பார்த்துத் திட்டம் போடுகிறவர்கள் கோலாலம்பூரிலும் புத்ராஜெயாவிலும் இருக்கிறார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.)

வழி இல்லாமலில்லை. தென்னாப்பிரிக்கா 1998 முதல் இறப்புப் படிவத்திலேயே ஒரு கேள்வியைச் சேர்த்தது: இறந்தவர் ஐந்து வருடத்துக்கு முன்னால் புகை பிடிப்பவராக இருந்தாரா? ஐந்து வருடம் முன்னால் என்று கேட்பதில்தான் விஷயம், நோய் முற்றியபின் நிறைய பேர் விட்டுவிடுவார்கள். இப்படிச் சேர்ந்த 481,640 மரணங்களை வைத்து, எந்தச் சமூகத்தில் புகையின் பாதிப்பு எவ்வளவு என்று 2013இல் தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. கலப்பினச் சமூகத்தில்தான் அதிகம் என்றும் தெரிந்தது. ஒரு கேள்வி, ஒரு டிக்.

நம்மிடம் இதைவிட வசதியான ஒன்று கையில் இருக்கிறது, ஐ.சி. எண். பிறந்ததிலிருந்து சாவு வரை ஒரே 12 இலக்கம். தேசியப் பல்கலைக்கழகம் 2006இல் தொடங்கிய 'மலேசியன் கோஹார்ட்' திட்டத்தில் 35 முதல் 70 வயது வரையான 106,527 பேரின் பழக்கவழக்கங்கள் பதிவாகியிருக்கின்றன. டாலும் ஹில்லும் தபால் போட்டுத் தேடியதை இங்கே எண்ணைத் தட்டிப் பொருத்திவிடலாம். ஆனால் பொருத்தியபின் காரணம் என்ற கட்டத்தில் சாக்கிட் துவா இருந்தால், இறந்த தேதி மட்டும்தான் மிஞ்சும்.

விளம்பரம் இதில் எங்கே வருகிறது

சிகரெட் பிடிக்கத் தொடங்குவதற்கும் அதனால் சாவதற்கும் நடுவில் இருபது, முப்பது, சில சமயம் நாற்பது வருடம். இதை மனதில் வைக்காமல் விளம்பரத் தடையைப் புரிந்துகொள்ள முடியாது.

1990இல் 15 வயதாக இருந்த பையன் எதைப் பார்த்து வளர்ந்தான்? மலேசியக் காற்பந்து லீக்கின் பெயரிலேயே டன்ஹில் என்ற சிகரெட்டின் பெயர் இருந்தது. 1989இல் தொடங்கி 2004 வரை அப்படித்தான். பேராக் மாநில அணியின் ஆட்டம் என்றால் ஊரே தொலைக்காட்சி முன்னால், திரையில் அந்தப் பெயர். 1993 விதிமுறைகள் நேரடி சிகரெட் விளம்பரத்தை நிறுத்தியதும் நிறுவனங்கள் சும்மா இருந்துவிடவில்லை. சிகரெட்டைக் காட்டாமல் பெயரை மட்டும் காட்டினார்கள். பீட்டர் ஸ்டைவசன்ட் பெயரில் சுற்றுலா, பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் பெயரில் காப்பிக் கடை, சேலம் பெயரில் இசை நிகழ்ச்சி. பெயரை வேறு பொருளுக்கு இழுத்துக்கொண்டு போவதால் இதைப் பெயர் நீட்டிப்பு எனலாம். 2004 விதிமுறைகள்தான் இதை அடைத்தன. அந்தப் பையனுக்கு இன்று 50 தாண்டிவிட்டது. இதய நோயும் நுரையீரல் நோயும் கதவைத் தட்டும் வயது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் வருகின்றன.

1. இன்றைய இறப்புப் பதிவு நேற்றைய விளம்பரத்தின் ரசீது. இந்த வருடம் அலமாரியை மூடியதால் அடுத்த வருடம் சாவு குறைந்ததா என்று கேட்பது, இன்று ரப்பர் கன்று நட்டு அடுத்த மாதம் பாலுக்கு வாளி வைப்பது மாதிரி. தடை வேலை செய்கிறதா என்று சீக்கிரம் பார்க்க வேண்டுமானால் புதிதாகத் தொடங்குபவர் எத்தனை, விற்பனை எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

2. செத்துப்போகிற, விட்டுவிடுகிற வாடிக்கையாளருக்கு மாற்று ஆள் வேண்டும், அவர்கள் இளையவர்களிடமிருந்துதான் வரமுடியும். இது நான் சொல்வதல்ல, அமெரிக்காவின் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் 1984ஆம் ஆண்டு உள் ஆவணத்தில் இருக்கும் கணக்கு. அதே நிறுவனத்தின் ஒட்டகக் கார்ட்டூனை 6 வயதுப் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் சிகரெட்டோடு சரியாகப் பொருத்தினார்கள் என்று 1991இல் ஓர் ஆய்வு காட்டியது.

அரைகுறைத் தடை போதாதா? 1970 முதல் 1992 வரை 22 வளர்ந்த நாடுகளின் கணக்கை எடுத்து சாஃபரும் சலூப்காவும் செய்த ஆய்வு 2000இல் வந்தது. முழுத் தடை புகையிலைப் பயன்பாட்டை 6 விழுக்காட்டுக்கு மேல் குறைக்கும், அங்கொன்று இங்கொன்று என்று தடுத்தால் கிட்டத்தட்ட ஒன்றும் நடக்காது என்பது அதன் முடிவு. தொலைக்காட்சியை அடைத்தால் பணம் காற்பந்துக்குப் போகும், காற்பந்தை அடைத்தால் கடைக்கு வரும். மற்ற எல்லாம் அடைபட்ட பிறகு மிச்சமிருந்த ஒரே விளம்பரப் பலகை கல்லாவுக்குப் பின்னால், மிட்டாய்க்கும் கைப்பேசி ரீலோடுக்கும் பக்கத்தில், பள்ளிப் பிள்ளையின் கண் மட்டத்தில் இருந்தது. ஐஸ்லாந்து 2001இலேயே அதை மூடியது. நாம் இருபத்து நாலு வருடம் கழித்து மூடியிருக்கிறோம். விற்கலாம், காட்டக் கூடாது என்பதன் கணக்கு இவ்வளவுதான்: ஏற்கெனவே பழகியவர் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வார், பழகாதவருக்கு ஆசை காட்ட வேண்டாம்.

மூடிய அலமாரிக்கு வெளியே

சட்டம் எல்லாவற்றையும் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். 13 முதல் 17 வயதுவரை உள்ள மாணவர்களிடையே சிகரெட் 2017இல் 13.8 விழுக்காடாக இருந்து 2022இல் 6.2ஆக இறங்கியது, நல்ல செய்தி. அதே பிள்ளைகளிடம் வேப் 9.8இலிருந்து 14.9ஆக ஏறியது. மாம்பழ வாசனையும் பொம்மை மாதிரி டப்பாவும் கைப்பேசியில் சுற்றும் வீடியோவும் இருக்கும்போது கடை அலமாரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? கள்ளச் சிகரெட் இன்னொரு ஓட்டை, அதற்கு விளம்பரமே தேவையில்லை, விலையே விளம்பரம்.

தோட்டத்துப் பெண்கள் விஷயம் இதில் எங்கும் வராமல் போகிறது. நாட்டிலேயே பெண்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு, 1.2 விழுக்காடு என்று பார்த்தோம். ஆனால் வெற்றிலையோடு புகையிலை போட்டவர்கள் எத்தனை பாட்டிமார்! மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே, குறிப்பாகப் பெண்களிடையே, மற்ற இனத்தவரைவிட அதிகம். புகையிலை இல்லாத வெறும் வெற்றிலைப் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004இல் வெளியிட்ட நூலில் சொல்லிவிட்டது. இதற்கு டன்ஹில் மாதிரி விளம்பரதாரர் கிடையாது, கல்யாணத் தட்டும் கோயில் தட்டும்தான். தென்னாப்பிரிக்கக் கேள்வியை நாம் எடுத்துக்கொண்டால் 'புகை பிடித்தாரா' என்பதோடு 'புகையிலை போட்டாரா' என்றும் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பாட்டிகளும் சாக்கிட் துவாவாகத்தான் போவார்கள்.

படிவம் மாறும் வரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் சாவு நடந்து போலீஸ் நிலையத்துக்குப் போகிறவர் பெரும்பாலும் மருமகனோ அக்கா மகனோ, நோய் விவரம் தெரியாதவர். ஐ.சி.யோடு இறந்தவரின் கிளினிக் கார்டையும் மாத்திரை உறைகளையும் கையில் கொடுத்தனுப்புங்கள். என்ன நோய் என்று கேட்டால் கார்டில் இருப்பதைக் காட்டட்டும்: மூச்சுக்குழாய் அடைப்பு, பன்னிரண்டு வருடமாக மருந்து, சிகரெட் பிடிப்பார்.